மகாதேவன் அண்ணையின் பொறுமை

“கத்திப்போட்டன். சேர்ட்டையும் அவரின்ரை கையிலை இருந்து பறிச்சுப்போட்டன்.”

நிரூபா இதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வட்டமாகப் போட்டிருந்த கதிரைகளில் இருந்தவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள். மகாதேவன் மட்டும் எழுந்து தண்ணீர் எடுத்துவந்து கொடுத்தார்.

கிரவீன் புறநகரில் உள்ள அந்தச் சமூக மண்டபத்தில், மாதத்தில் ஒரு புதன்கிழமை, பார்க்கின்சன் நோய் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும் கூடுவார்கள். நோயுள்ளவர்களுக்குப் பெரிய மண்டபத்தில் உடற்பயிற்சி. வீட்டார் பக்கத்து அறையில் இருந்து மனதில் உள்ளதைப் பேசலாம். நிரூபா சில மாதங்களாக வருகிறாள். வாய் திறந்தது இன்றைக்குத்தான்.

அவள் கணவர் கௌரிசங்கர் ரயில்வேயில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். மடிப்புக் கலையாத முழுக்கைச் சேர்ட் இல்லாமல் லிட்கம் கடைத்தெருவுக்குக்கூடப் போகமாட்டார். போன கிழமை நரம்பு டொக்டரிடம் போகவேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. அவரோ முதல் பொத்தானோடேயே மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். தான் போட்டுவிடுவதாக நிரூபா சொன்னாள். அவர் விடவில்லை. முதல் நாள் இரவும் அவரைப் புரட்டிப் படுக்கவைப்பதிலேயே அவளுடைய நித்திரை போயிருந்தது. எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

அன்றிலிருந்து அவர் பொத்தான் இல்லாத ரீசேர்ட்தான் போடுகிறார்.

கூட்டத்தை நடத்தும் நேர்ஸ் மயூரா கதிரையை அவள் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அன்ரி, நான் முந்திச் சொன்ன டே சென்ரரிலை இடம் இருக்கு. கிழமையிலை ரெண்டு நாள் அங்கிளை அவை பாத்துக்கொள்ளுவினம். நீங்கள் வீட்டிலை நித்திரை கொள்ளலாம். ஆனா இண்டைக்கு நான் அவைக்குப் பதில் சொல்லவேணும்.”

யோசித்துச் சொல்வதாக நிரூபா முணுமுணுத்தாள். கௌரிசங்கரிடம் அதைப் பற்றி ஏற்கெனவே கேட்டிருந்தாள். போய்ப் பார்ப்போம், உமக்கும் ஆறுதலாக இருக்கும் என்றுதான் அவர் சொன்னார். அவளுக்குத்தான் மனம் இடம் கொடுக்கவில்லை. கட்டின மனுசனைக் கொண்டுபோய் யாரிடமோ விட்டுவிட்டு வந்து படுத்துத் தூங்கினால், அவள் என்ன மனைவி?

தேநீர் நேரம் வந்தது. உடற்பயிற்சி முடிந்தவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வந்தார்கள். மகாதேவன் கூட்டிவரும் யோகா அக்காவுக்கு வாசலடியில் கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொண்டன. இந்த நோயில் அப்படி நடக்கும். வாசலைக் கண்டால் கால் எழும்பாது. பின்னால் வந்தவர்கள் காத்து நின்றார்கள்.

மகாதேவன் அவரை இழுக்கவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. பக்கத்தில் நின்று, “ஒண்டு... ரெண்டு...” என்று தாளம் போடுவதுபோல மெல்லச் சொல்லிக்கொண்டு தன் காலைத் தூக்கி வைத்துக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் யோகாவின் காலும் எழும்பியது. பிறகு, சிந்தாமல் இருக்க அரைக் கோப்பை மட்டும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். யோகா குடித்து முடிக்கும்வரை தன் தேநீரைத் தொடவே இல்லை.

நிரூபா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் வாழ்நாளில் ஒருநாளும் சத்தம் போட்டிருக்கமாட்டார் என்று நினைத்தாள். மயூராவுக்குச் சொல்லவேண்டிய பதிலை அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

மகாதேவன் காரை வாசலுக்குக் கொண்டுவரப் போனதும், நிரூபா போய் யோகாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். போன வருடம் மெல்பேர்ணிலிருந்து வந்தவர் என்பதைத் தவிர, யோகாவைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. நோயால் குரல் தேய்ந்துபோயிருந்ததால் யோகா அதிகம் பேசுவதும் இல்லை. நிரூபா சேர்ட் கதையைச் சொன்னாள். டே சென்ரர் கதையையும் சொன்னாள்.

“மகாதேவன் அண்ணையைப் பாக்க எனக்கு வெக்கமாக் கிடக்கு அக்கா. அவர் உங்களை இப்பிடி ஒரு இடத்திலை விட்டிட்டு இருப்பாரே? நான் மயூராவிட்டை வேண்டாம் எண்டு சொல்லப்போறன்.”

யோகாவின் முகம் அசையவில்லை. இந்த நோய் முகத்தையும் இறுக்கிவிடும். ஆனால் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நிரூபா பயந்துபோனாள். சிரிக்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“நாங்கள் ஒரு வீட்டிலை இருந்த காலத்திலை, நான் சீலை உடுத்து முடியுமட்டும் அந்த மனுசன் ஒருநாளும் பொறுத்ததில்லை” என்றார் யோகா.

சரியாகக் கேட்டதா என்ற சந்தேகத்தில் நிரூபா காதை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள்.

“ஒரு வீட்டிலை இருந்த காலத்திலையோ?”

“ஓம் பிள்ளை. நாங்கள் டிவோஸ் எடுத்துப் பிரிஞ்சு பதினாறு வருசம். மகளுக்கு வேலை எண்டு கிழமைக்கு ஒருக்கா, புதன்கிழமையிலை மட்டும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு திரியிறார்.” யோகா மூச்சு வாங்கிக்கொண்டு நிரூபாவின் கையைத் தட்டினார். “நீர் போய் மயூராவிட்டை ஓம் எண்டு சொல்லும். பின்னேரம் என்னை மகள் வீட்டிலை இறக்கிப்போட்டு, தன்ரை வீட்டை போய் ஒரு கிழமை காலை நீட்டிப் படுத்து எழும்பி வாற ஆளின்ரை பொறுமையைத்தான் நீர் இவ்வளவு நாளும் பாத்தது.”