நாலாயிரம் மேற்கோள்

“அந்த லேண்ட்லைனை இன்னுமா வச்சிருக்கீங்கப்பா? இனிமே அது எதுக்கு?”

செல்போனில் மகள் கேட்டாள். பேராசிரியர் அப்போதுதான் ஆராய்ச்சி நிலையத்தில் தன் பிரிவுபசார விழாவை முடித்துக்கொண்டு, கையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தோடு வீட்டுக்குள் நுழைந்திருந்தார். அலமாரியில் இடமில்லை. சாப்பாட்டு மேஜையில், யாரும் உட்காராத நாற்காலிக்கு எதிரே அதை வைத்தார்.

“இருந்துட்டுப் போகட்டும்மா” என்றார்.

மகளுக்கு அலுத்துவிட்டது. அம்மா காலமான பிறகு ஒற்றை ஆளுக்கு இவ்வளவு பெரிய வீடு எதற்கு, என்னோடு வந்து இருங்கள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். வீட்டையும் அந்த போனையும் விட்டு நகரமாட்டேன் என்கிறார் மனுஷர். அம்மா மணிக்கணக்காக அரட்டையடித்த போன் ஆயிற்றே, அந்த ஞாபகம்தான் என்று மகள் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். மாடி வீட்டுக்காரரோ, பழைய காதலி யாராவது கூப்பிடுவாள் போலிருக்கிறது என்று கிண்டலடிப்பார். இரண்டையும் பேராசிரியர் மறுத்ததில்லை.

உண்மைக் காரணம் கேட்டால் சப்பென்று இருக்கும். மூலக்கூறு உயிரியலில் அவர் பெயரைச் சொல்லும் கட்டுரை ஒன்றே ஒன்றுதான். செடியின் இலையிலிருந்து டி.என்.ஏ.வைச் சுலபமாகப் பிரித்தெடுக்கும் முறை. சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று அதன் அடியில் அச்சாகியிருந்தது இந்த வீட்டு நம்பர். கட்டுரை வெளிவந்தபோது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது பேத்தி போகிறாள். அதைப் பற்றிக் கேட்டு இதுவரை ஒரு போன்கூட வந்ததில்லை.

சரி, யாருக்கும் தெரியாத கட்டுரையோ என்றால் அதுவும் இல்லை. இன்று விழாவில் இயக்குநர் அதைப் பற்றித்தான் முழங்கித் தள்ளினார்.

“நம்ம சாரோட அந்த ஒரு கட்டுரையை நாலாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. உலகம் பூரா நாலாயிரம் லேப்ல சார் சொன்ன மாதிரிதான் வேலை நடக்குது. சும்மாவா?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பதவி உயர்வு, வெளிநாட்டுப் பயணம், பரிசு எல்லாமே அந்த எண்ணிக்கை வாங்கிக் கொடுத்ததுதான். அவர் மட்டும் தலை குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

“நாளைக்கே நான் லைனைக் கட் பண்ணச் சொல்லிடறேன்பா” என்று மகள் முடித்தாள்.

அவரும் சரி என்று சொல்லிவிட்டார். இனிமேல் யார் கூப்பிடப் போகிறார்கள்? தனியாக இருப்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்தான். ஆனாலும் ஒரே ஒருவராவது கூப்பிட்டிருக்கலாம் என்று நினைத்தார்.

மறுநாள் காலை, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது லேண்ட்லைன் அடித்தது. ஏதாவது விளம்பரக்காரர்களாக இருக்கும் என்று வேண்டாவெறுப்பாக எடுத்தார்.

ஒரு பெண் குரல் தயங்கித் தயங்கிப் பேசியது. ஏதோ ஒரு சின்ன காலேஜில் தாவரவியல் ஆசிரியையாம். பெரிய லேப்களில் எல்லாம் டி.என்.ஏ. பிரிப்பதற்கென்றே கடையில் விற்கிற ரெடிமேட் ‘கிட்’டை வாங்கி வேலையை முடித்துவிடுகிறார்களாம். இவளுடைய காலேஜுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் அவருடைய கட்டுரையைத் தேடி எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரிக்கு வரி அதன்படியே செய்து பார்த்தாளாம்.

“பல தடவை செஞ்சு பார்த்துட்டேன் சார். கடைசியில சோதனைக் குழாய்ல ஒண்ணுமே மிஞ்ச மாட்டேங்குது. அத்தனை பேர் மேற்கோள் காட்டின கட்டுரை தப்பா இருக்காது. நான்தான் எங்கேயோ சொதப்பறேன். எங்கேன்னு கொஞ்சம் சொல்ல முடியுங்களா?”

பேராசிரியர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மடித்த துணிகள் கையிலிருந்து சரிந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை. அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டுதான் பேச முடிந்தது.

“உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. கடைசியா எழுபது சதவீத ஆல்கஹால்ல கழுவணும். அச்சுல ஒரு பூஜ்யம் விட்டுப்போய் ஏழுன்னு விழுந்துடுச்சு. ஏழுல கழுவினா டி.என்.ஏ. மொத்தமும் கரைஞ்சு கழுவின தண்ணியோட போயிடும். யாராவது ஒருத்தர் கூப்பிட்டுக் கேட்டதும் திருத்தம் போட்டுடலாம்னு, அது வெளிவந்த அன்னியிலேருந்து இந்த போன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். மேற்கோள் காட்டினவங்க நாலாயிரம் பேரும்மா. படிச்சது நீங்க ஒருத்தர்தான்.”