பெயர் சொல்லாத நோயாளி

"பேரைச் சொல்லாம ஒரு நோயாளியா? நான் என்ன ஜோசியமா பாக்கறேன், அண்ணே?"

டாக்டரம்மா ஜாங்கில் சிரித்தபடிதான் கேட்டார். எதிரே உட்கார்ந்திருந்த தலைமை மனநல மருத்துவர் கசிமாலி சிரிக்கவில்லை.

"பேரைச் சொன்னா இந்தக் கரகோல் ஊர்ல அவனோட ஏழு தலைமுறையும் வெளிய வந்துடும். இந்த ஊர் வாயைப் பத்தி உனக்குத் தெரியாதா? வியாதியைப் பத்தி மட்டும் பேசு."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நர்ஸ் புருலின் காது நிமிர்ந்தது. வம்பளக்கிற ஊர் என்று அந்தப் பெயரை வாங்கித் தந்ததில் அவளுக்கும் கணிசமான பங்கு உண்டு. கிண்ணங்களில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றினாள். அந்த ஊர் வழக்கப்படி பெரியவர்களுக்கு அதுதான் மரியாதை. அடிக்கடி ஊற்றுகிற சாக்கில் அறையிலேயே நிற்கலாம் என்பது கூடுதல் வசதி.

கசிமாலி கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நடுங்குகிற கை. விருந்துகளில் வோட்காவைத் தொடாத மனிதர், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு குடித்துத் தீர்க்கிறார் என்பது புருலின் தீர்ப்பு. அதை ஊரில் பாதிப் பேரிடம் ரகசியமாகச் சொல்லியும் இருந்தாள்.

"சின்ன வயசுல காதுல குரல் கேட்டு, படிப்பை விட்டுட்டு மலையில திரிஞ்சவன். ஹாலோபெரிடால்னு மாத்திரை குடுத்தாங்க, குரல் அடங்கிச்சு. இன்னிக்கு வேலை, குடும்பம், மரியாதை எல்லாம் இருக்கு. இப்பப் போய் மாத்திரையை மாத்தலாமாங்கறான். கூடாதுங்கறேன் நான்."

"இப்ப என்ன அவசரமாம்?"

"இலையுதிர் காலத்துல சம்பந்தி வீட்டு விருந்து. பெரிய விருந்தாளிங்கற மரியாதைக்கு ஆட்டுத் தலையை இவன் முன்னாடிதான் வைப்பாங்க. கத்தியெடுத்து அறுத்து, எல்லாருக்கும் பங்கு குடுக்கணும். அந்த மாத்திரையால கை உதறுது."

புருல் மனத்துக்குள்ளேயே கல்யாணம் பேசி முடித்த வீடுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மளிகைக்கடைக்காரரா? பள்ளிக்கூடத் தலைமையாசிரியரா? தலைமையாசிரியரேதான்! மனிதர் நடக்கும்போதே விறைப்பாகத்தான் நடப்பார்.

"அப்ப மாத்துங்க. புதுசுல இவ்வளவு உதறாது, விறைப்பும் குறையும்," என்றார் ஜாங்கில்.

"உடம்பு ஊதும், சக்கரை ஏறும். அதை மட்டும் வாயால சொல்ல மாட்டியே!"

"சொல்றேன். ஊதலாம், ஏறலாம். மாசாமாசம் பாத்துக்கறேன்."

"குரல் திரும்பி வந்தா? சம்பந்தி வீட்டுல, எல்லார் முன்னாடியும்? பழைய மாத்திரைதாம்மா அவனை மனுஷனா நிறுத்திச்சு!"

"இல்லேங்கல. கூடவே மரமாவும் ஆக்கிடுச்சு. பழசை ஒரேயடியா யாரு விடச் சொன்னா? அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, இதைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவோம். குரல் எட்டிப் பாத்தா பழசுக்கே திரும்பிடலாம்."

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவே. விழப்போறது அவன்தானே!"

"அவரு விழற ஆளா, அண்ணே?" ஜாங்கில் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இவ்வளவு பெரிய வியாதியைக் கட்டி மேய்ச்சிருக்காரு. நாலு பேர் மதிக்கிற மாதிரி நின்னிருக்காரு. நம்மால முடியுமா? அவரை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு. அந்த மனுஷன் சபையில உக்காந்து தன் கையால பங்கு குடுக்கக் கூடாதா?"

கசிமாலி கிண்ணத்தைக் கீழே வைத்தார். புருல் காலியாகாத கிண்ணத்திலேயே மறுபடி ஊற்றினாள்.

"சரி," என்றார் கடைசியில். "இனிமே அவன் உன் நோயாளி."

"அப்ப இன்னிக்கே எடை பாக்கணும். சக்கரைக்கு ரத்தம் எடுக்கணும்."

புருலுக்குக் கால் தரையில் பாவவில்லை. ரத்தம் எடுப்பது அவள் வேலை. இனி அந்த முகத்தை அவளிடமிருந்து யார் மறைக்க முடியும்? ஊசித் தட்டோடு ஓடி வந்தாள்.

"ஆளு எங்க டாக்டர்? வெளிய உக்கார வெச்சிருக்கீங்களா? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரட்டுமா?"

ஜாங்கில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

கசிமாலி சட்டைக்கையை முழங்கைவரை மடித்துவிட்டு, தலையை நிமிர்த்தி, கையை அவள் முன்னால் நீட்டினார்.

"குத்தும்மா, புருல். இத்தனை வருஷமா இந்த ஆஸ்பத்திரியை நடத்திட்டிருக்கிற நோயாளி நான்தான்."