கோட்டுக்கு மேலே நின்ற தூள்

கரைந்துவிட்டது.

அண்ணி குடுவையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் ஒரு துகள்கூட இல்லை.

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்குமே அவள் அண்ணிதான். நாத்தனார் அங்கே எடை போடும் வேலைக்கு வந்த நாளில் ஒட்டிக்கொண்ட பெயர்.

நான்கு வருடமாக அவள் செய்த பிளாஸ்டிக்கில் சூடு தாங்கியது எதிலும் கரையவில்லை. கரைந்தது சூட்டில் குழைந்துபோனது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று இயக்குநரே கேலி செய்வார். மாதக் கடைசிக்குள் இரண்டும் சேர்ந்து வராவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள்.

இன்று வந்திருக்கிறது. இதே தயாரிப்பில் ஒரு துண்டு, காலையில் முந்நூறு டிகிரியிலும் வளையவில்லை.

துள்ளிக் குதித்திருக்க வேண்டியவள் நாத்தனாரை நினைத்தாள்.

மூலப்பொருள் புட்டியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தாள். எடுக்க எடுக்கக் குறைய வேண்டிய தூள், நேற்றுப் பார்த்தால் கோட்டுக்கு மேலே நின்றது. எதையோ கலக்கிறாள். வீட்டுச் சண்டையை இங்கே வந்து தீர்த்துக்கொள்கிறாள். மூன்று மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள் வேறென்ன செய்வாள்?

எடை அறைக்குப் போய் நேராகவே கேட்டாள்.

நாத்தனார் தன் மேலங்கியை மடித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

“நிறுத்தது போக மிஞ்சினதைக் குப்பைல கொட்ட மனசு வரல அண்ணி. உங்க புட்டியிலயே திருப்பிப் போட்டேன்.”

பக்கத்து மேசைக்காரர்களுக்கு நிறுத்ததில் மிஞ்சியதும் அதிலேதான் விழுந்திருந்தது. இரண்டும் வெள்ளை, பெயரும் கிட்டத்தட்ட அதே பெயர்; ஒன்றென்றே நினைத்துவிட்டாளாம்.

அடிப்பாவி!

எடையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் அண்ணியின் தூளில் மூலக்கூறு நேர், அவர்களுடையதில் வளைவு. நேரானது மட்டும் என்றால் நெருக்கி அடுக்கிய விறகு மாதிரி, கரைப்பான் உள்ளே நுழைய இடமிருக்காது. நடுநடுவே கோணல் கட்டை விழுந்ததும் வழி கிடைத்துவிட்டது. நான்கு வருடப் படிப்புக்கு வராதது ஒருத்தியின் சிக்கனத்துக்கு வந்திருக்கிறது.

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. இந்தப் பெண்ணைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அவள் கையைப் பிடிக்கப் போனாள்.

நாத்தனார் அங்கிப் பையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்து நீட்டினாள். இன்றோடு வேலை இல்லை என்று சொல்லி இயக்குநர் கொடுத்த புகார்க் கடிதமாம்.

“நான் வேணும்னே கெடுக்கிறேன்னு யாரோ பேர் போடாம எழுதியிருக்காங்க. நீங்க சொன்னா இயக்குநர் நம்புவாரு அண்ணி.”

அண்ணி தாளை வாங்கவில்லை. அதிலிருந்த ஏழு வரியும் அவளுக்கு மனப்பாடம்.