ஐந்தில் ஒன்று

தம்பி ஜெகதீஸ்வரனை நான் கடைசியாகப் பார்க்கும் காலை இது. கோட்டைக்குப்பம் கரையில் மற்றப் படகுகள் எல்லாம் மணலில் ஏறிக் கிடக்கின்றன. காற்று வலுக்கும் என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். அவன் மட்டும் முழங்கால் நீரில் படகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனில் காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடுகிறான். “பாருக்கா, நடுவுல அறுநூறு கெடக்குது. நான் நூறு போட்டா போதும். கடைசிச் சீட்டு ஸ்பேடா வந்தா எல்லாம் எனக்கு. அது அஞ்சுல ஒண்ணு வரும். ஏழுல ஒண்ணு வந்தாலே நஷ்டமில்ல.” பட்டனை அழுத்துகிறான். “கடலும் அப்டித்தான். இன்னிக்கு எவனும் போவல, மீன் மூணு மடங்கு வெல. காத்து அடிக்கிறது அஞ்சுல ஒண்ணுதான்.” “அந்த ஒண்ணு இன்னிக்கே வந்தா இன்னாடா பண்ணுவ?” “நூறு வாட்டி போய்ப் பாரு, கணக்கு நம்ம பக்கம் நிக்கும்.” கணக்கில் தப்புத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. நனையாமல் இருக்கட்டும் என்று போனை என் கையில் திணித்துவிட்டு ஏறிவிடுகிறான். எஞ்சின் பிடிக்கிறது. திரையில் கடைசிச் சீட்டு திரும்புகிறது. ஸ்பேடு. எதிராளி இன்னும் பணம் வைக்கிறான். தம்பி பதிலுக்கு அழுத்த மிச்சமுள்ள நேரத்தைக் காட்டும் பச்சைக் கோடு தேய்கிறது. எதை அழுத்துவது என்று எனக்குத் தெரியாது. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் போனை உயர்த்திக் காட்டுகிறேன். வழியனுப்புகிறேன் என்று நினைத்து அவனும் சிரித்தபடி கையசைக்கிறான். கோடு தீர்ந்து, ஆட்டத்தைக் கைவிட்டதுபோல் அவன் சீட்டுகள் தாமாகக் கவிழ்கின்றன.