சந்தா முடிந்த கார்

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஞானவேலுவின் மின்சாரக் கார் நடு ரோட்டில் நின்றுவிட்டது.

"தானாக ஓடும் வசதிக்கான சந்தா முடிந்தது. இனி நீங்களே ஓட்டுங்கள்" என்றது கார்.

பின்னால் கன்டெய்னர் லாரிகள் ஹாரனை அலறவிட்டன. பஸ்ஸுக்காக நின்றிருந்த ஜூடி ஓடி வந்தாள்.

"இன்னா சார், வண்டிய எடு! லாரிக்காரன் ஏத்திடப் போறான்!"

"வாங்கினதுலேர்ந்து இது தானாதான் ஓடுது. எனக்கு ஓட்டவே மறந்துபோச்சும்மா. நீ எடுக்கிறியா?"

"என்கிட்ட எல்.எல்.ஆர். தான் கீது சார். நாளைக்குத்தான் லைசென்ஸ் டெஸ்ட்டு."

"பரவாயில்லம்மா, எடு! உயிர் போவுது!"

ஜூடி ஏறி உட்கார்ந்தாள். லாரிகளுக்கு நடுவே லாவகமாக ஓட்டி, அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

ஞானவேலு கையெடுத்துக் கும்பிட்டார். "உனக்குக் குடுக்காம லைசென்ஸை வேற யாருக்கும்மா குடுப்பாங்க?"

மறுநாள் டெஸ்ட்டில் ஜூடி எங்கும் இடிக்காமல் ரிவர்ஸ் எடுத்துக் காட்டிவிட்டு இறங்கினாள். நாற்காலியில் இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார், நீங்களா!"

ஞானவேலு சிரிக்கவில்லை.

"நேத்து எல் போர்டு மாட்டாம எண்ணூர் ரோட்டுல கார் ஓட்டினது நீதானே? ஃபெயில்!"