சினிமா பார்க்காத துறை

அந்தக் கல்லூரியின் இலக்கியத் துறையில் அவர் எட்டு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். 'தற்காலிகம்' என்ற பட்டப்பெயர்கூட நிலைத்துவிட்டது, வேலைதான் நிலைக்கவில்லை.

வரப்போகும் கருத்தரங்கில் புதிதாக எதையாவது கண்டுபிடித்துச் சொன்னால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மச்சானின் டயர் கடை.

மண்டையை உடைத்துக்கொண்டும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு சினிமா டூயட்டில் கைவைத்தார்.

'நிலா ஒடஞ்சு நெத்தியில விழுந்துச்சே பேபி' என்பது 'மதியுடைந் தென்னுதல் வீழ்ந்தது தோழி' ஆனது. பழைய சுவடியில் கிடைத்த, புலவர் பெயர் தெரியாத பாட்டு என்று கட்டுரையும் தயார்.

"வேணாங்க. யாராவது கண்டுபிடிச்சா மானம் கப்பலேறிடும்," என்றாள் மனைவி.

"எவன் கண்டுபிடிப்பான்? மூணே நாள்ல தூக்கின படம். அன்னிக்கு தியேட்டர்ல நீ, நான், முன்வரிசையில ஒரு வழுக்கைத் தலை, அவ்வளவுதான். அதுவும் எங்க துறையில சினிமா பார்த்தேன்னு யாரு ஒத்துக்குவா?"

உண்மைதான். அங்கே டீ குடிக்கும்போது யாராவது ஒரு நடிகர் பெயரைச் சொன்னால், "யாரது, கல்வெட்டு ஆய்வாளரா?" என்று கேட்பார்கள். துறைத் தலைவர் தியேட்டர் வாசலை மிதித்து முப்பது வருடமாகிறதாம். அதை வாரம் ஒரு முறையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

கருத்தரங்கில் அவர் பாட்டைப் படித்ததும் அரங்கம் சொக்கிப்போனது.

"நானே இதை எங்கேயோ மேற்கோளா பார்த்திருக்கேன்," என்றார் ஒரு பேராசிரியை.

கடைசி பெஞ்சில் மட்டும் ஒரு மாணவி மேஜையில் தாளம் தட்டினாள். தற்காலிகம் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

துறைத் தலைவர் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"இந்தப் பாட்டு எனக்குத் தெரியும். நீங்க எங்கேருந்து சுட்டீங்கன்னும் தெரியும்."

போச்சு! டயர் கடை ரப்பர் நாற்றம் அப்போதே மூக்கில் அடித்தது.

"என்னோட சுவடிக் கட்டுலேருந்துதானே? நான் கண்டெடுத்து, வெளியிடாம பத்திரமா வெச்சிருந்தது. தம்பி பாதியோட நிறுத்திட்டார். மீதியையும் கேளுங்க."

கண்ணை மூடி, நிறுத்தி நிதானமாக நாலு வரி சொன்னார். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

"போகட்டும், ஆர்வக் கோளாறு. கட்டுரை ரெண்டு பேர் பேர்லயும் வரட்டும், என் பேர் முதல்ல. இவர் வேலையையும் நிரந்தரமாக்கிடலாம்," என்று பெருந்தன்மையோடு உட்கார்ந்தார்.

தற்காலிகம் அந்த நாலு வரியை மனசுக்குள் மெட்டுப் போட்டுப் பார்த்தார்.

தலைவர் சொன்னது அதே டூயட்டின் சரணம். 'பேபி' வந்த இடத்திலெல்லாம் அவரும் 'தோழி' போட்டிருந்தார்.