ஜாய்ஸ் அம்மாவுக்கு ஒரு கல்

கல்லறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜான்சன் அழுத அழுகையில், பனைமரத்துக் காக்கைகள்கூட எழுந்து பறந்துவிட்டன. "ஜாய்ஸு... என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேம்மா!"

"டாடி, ஒன் மோர். கொஞ்சம் இந்தப் பக்கமா திரும்பி அழுங்க, மூஞ்சில வெளிச்சமே இல்ல" என்றான் மகன் ஜெரோம், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. ஜான்சன் மூக்கைச் சிந்திவிட்டு, வெளிச்சம் விழும் பக்கமாகத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து அழ ஆரம்பித்தார்.

நாலு குழி தள்ளி உட்கார்ந்திருந்த பூபாலன் வாய்க்குள்ளேயே 'தூ' என்றான். நாளைக்குக் கல்லறைத் திருநாள். சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைத் தோட்டம் முழுக்க நேற்றுதான் வெள்ளையடித்திருந்தார்கள். சிலுவைகளில் இருந்த பெயர்களெல்லாம் சுண்ணாம்புக்குள் போய்விட்டன; வீட்டு ஆட்கள் வந்து காட்டக் காட்ட, கறுப்பு பெயிண்டில் மறுபடி எழுதுவது வருஷா வருஷம் பூபாலனின் வேலை.

காரிலிருந்து இறங்கிய ஜான்சன் நேராக வந்து கட்டிப்பிடித்தது ஜாய்ஸ் அம்மாவின் கல்லறையை அல்ல. அதற்குள் படுத்திருந்தவள் பூபாலனின் மனைவி ரெஜினா.

"சார், நல்லா பாத்துக்கோ சார். பேரு எல்லாம் சுண்ணாம்புல பூடுச்சி" என்று அவன் ஒருமுறைக்கு மூன்றுமுறை சொல்லிப் பார்த்தான்.

"யோவ், என் பொண்டாட்டி எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாதா? நீ யாருய்யா எனக்குச் சொல்ல? உன் வேலையப் பாரு."

ஐந்து வருஷமாக எட்டிப் பார்க்காத மனுஷனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பூபாலன் வாயை மூடிக்கொண்டான். கோபம் மட்டும் அதற்குக் காரணமில்லை. தோட்டத்தில் இடம் போதவில்லை. ஐந்து வருஷம் ஆகியும் கல் கட்டாத குழிகளைத் தை மாதம் தோண்டி வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போவதாகக் கோயிலில் அறிவித்துவிட்டார்கள். ரெஜினாவின் குழியும் அதில் ஒன்று. கெஞ்சிப் பார்த்தான், நடக்கவில்லை. இப்போது குட்டியானை வண்டியில் ஏறி, ஒரு கிரானைட் கல் அவளைத் தேடி அதுவாக வந்திருக்கிறது.

ஆனால் வேலியோரம் கிடக்கும் ஜாய்ஸ் அம்மாவின் குழி? அதைத் தோண்டிவிடுவார்கள்.

அதை நினைத்தபோது பூபாலனுக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் ரெஜினாவுக்கு நாலு நாள் கஞ்சி ஊட்டியவர் அந்த அம்மா. மணிக்கட்டில் ஜபமாலையைச் சுற்றிக்கொண்டு தாலுகா ஆபீசில் போய் உட்கார்ந்தார் என்றால், யாராவது ஒரு விதவைக்குப் பென்ஷன் வாங்காமல் எழுந்திருக்க மாட்டார். யாரும் வராத அந்தச் சிலுவையில், இத்தனை வருஷமும் யாரும் காட்டாமலேயே பெயர் எழுதியவன் பூபாலன்தான். இன்றைக்குக் காலையிலும் முதலில் எழுதியது அதைத்தான்.

அந்த அம்மா உயிரோடு இருந்தபோது, "ஊர் மேயக் கிளம்பிட்டியா?" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார் இதே ஜான்சன். இப்போது கல்லில் செதுக்கிக்கொண்டு வந்திருந்தார்: 'அன்பு மனைவி, பாசமிகு தாய், ஏழைகளின் தொண்டர், விசுவாச விளக்கு.'

"அண்ணாத்த, அழுது முடிச்சிட்டாரா கேளு. கலவை இறுகிக்கினு கீது" என்றான் கொத்தனார் செங்கல்வராயன்.

"முடிச்சாச்சு, கல்லை எறக்குப்பா" என்றார் ஜான்சன், ஈரக் கன்னத்தோடு. "மூலை கீலை உடைஞ்சுது, தொலைச்சிடுவேன்."

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டாள் மருமகள் சுஷ்மிதா. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. மாமியார் கல்லறை என்று ஒரு மெழுகுவத்தி ஏற்றவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வேலிப் பக்கமாகப் போனவள், கல் பதிக்க ஆரம்பிக்கும்வரை அங்கேயே நின்றாள். கொண்டுவந்த செவந்திப்பூப் பொட்டலத்தையும் எங்கேயோ போட்டுவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தாள். நாவலூர் அடுக்குமாடிக்காரிக்குச் செத்தவர்கள் எல்லாம் ஒரு பொருட்டா என்று நினைத்துக்கொண்டான் பூபாலன்.

கல் உட்கார்ந்தது. நாலு கோணத்தில் படம் எடுத்தார்கள். ஜெபத்தைப் பாதியில் மறந்து, 'ஆமென்' மட்டும் சத்தமாகச் சொன்னார்கள். செங்கல்வராயனின் வண்டி முதலில் போனது. கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது.

பூபாலன் எழுந்து வந்து கல்லின்மேல் கை வைத்தான். ரெஜினாவை இனி யாரும் தோண்ட முடியாது. அவள் பெயர்தான் போயிற்று.

"அண்ணா."

சுஷ்மிதா தனியாக வந்து நின்றாள்.

"இன்னாம்மா, எதுனா வுட்டுட்டுப் பூட்டியா?"

அவள் கல்லையும் அதன்மேல் இருந்த அவன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சிடும்மா. இது எங்க வூட்டம்மா குழி. மூணு வாட்டி சொன்னேன், உங்க மாமா காதுல வாங்கல. நாலாவது வாட்டி சொல்லாம வுட்டது என் தப்புதான். எங்களுக்கு சாமி மாதிரி இருந்தாங்க அந்தம்மா, அவங்க எடத்துக்கே வேட்டு வச்சிட்டேன். கூப்புடு அவங்கள. நானே கல்லைப் பேத்து வேலியாண்ட வச்சிடறேன்."

கார் ஹாரன் அடித்தது. "இதோ வரேன்!" என்று அந்தப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, சுஷ்மிதா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வேலிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஜாய்ஸ் அம்மாவின் சிலுவையடியில் செவந்திப்பூ கிடந்தது.

"கல்லை எடுக்காதீங்கண்ணா. அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் வரேன்."